கடல் தெரியாத ஊர்

நவம்பர் 2, ஞாயிறு

இன்று இறந்தோர் திருநாள். இந்தத் தீவில் எங்களுக்கென்று ஒரு கத்தோலிக்கக் கோயில் கிடையாது. வழக்கம்போலக் குசினி மேசையில் அம்மாவுக்கு ஒன்று, அப்புவுக்கு ஒன்று என்று மெழுகுதிரி ஏற்றிச் செபம் சொன்னேன். நெருப்புக்குச்சி உரசின சத்தம் கேட்டதும் இவர் எழும்பிப் போய் நடையில் கிடக்கும் கதிரையில் இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் யன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். மற்ற எந்த யன்னலைத் திறந்தாலும் கடல்.

தன் தம்பி மனுவேலுக்கு இந்த மனிசன் ஒரு நாளும் மெழுகுதிரி ஏற்றியதில்லை. என்னை ஏற்றவும் விட்டதில்லை. கலியாணம் கட்டின வருடம் நான் மூன்றாவது திரியைக் கையில் எடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். கோபித்திருந்தால் நானும் திருப்பிக் கோபித்திருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். கோபிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டொக்ரர் சொன்னதையும் எழுதி வைக்கிறேன். என் மகளைவிட இளைய பெட்டை, ஆனால் முகத்துக்கு நேரே சொல்லுவாள். உலகத்தின் வடகோடியில் இருக்கிற இந்த வார்டோத் தீவில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி இருபது வாக்கில்தான் திரும்ப முகம் காட்டும். அந்த இருட்டுக்காலம் முழுக்க இவரை வீட்டில் வைத்திருக்கக்கூடாதாம். கொஞ்ச நாளைக்காவது வெயிலுக்குக் கொண்டுபோ, சனநெரிசல் இல்லாத இடமாகப் பார், போன வருடம் போல விட்டுவிடாதே என்றாள்.

போன வருடம் என்றால், மீன் தொழிற்சாலையில் இவருக்குப் பென்சன் கொடுத்து அனுப்பின பிறகு வந்த முதல் இருட்டுக்காலம். ஜனவரியில் ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு ஊட்வார் இவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். துறைமுகத்து அலைதடுப்புச் சுவரின் நுனியில், அந்தப் பனிக்குள், ஜக்கெட்டும் இல்லாமல் சேட்டோடு மட்டும் நின்றாராம். "கடல் பாக்கப் போனனான்" என்றார் இவர். முப்பத்தைந்து வருடமாகக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டின மனிசன். நம்பினேன். நம்பாமல் என்ன செய்கிறது.

இவருடைய பனிச் சப்பாத்தை எடுத்துக் களஞ்சிய அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். வாசலில் கிடந்தால் ஈரம் பிடிக்கும்.

நவம்பர் 5, புதன்

பேர்கனிலிருந்து மகள் டிலானி போன் எடுத்தாள். கையில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சொன்னாள்.

"அம்மா, கிரான் கனாரியாவுக்குப் போங்கோவன். எல்லாரும் அங்கதான் போகினம்."

"எல்லாரும் போறதாலதான் வேண்டாம் எண்டுறன்."

டிசம்பரில் வார்டோவின் பாதிச் சனம் அங்கேதான் கிடக்கும். அவ்வளவு தூரம் காசைக் கொட்டிப் போய் ஊட்வாரை அரைக்காற்சட்டையோடு பார்க்க எனக்கு விருப்பமில்லை.

"சரி, தாய்லாந்து."

"கடல்."

"மாலைதீவு."

"அது முழுக்கக் கடல் பிள்ளை."

"உங்களுக்குக் கடலே வேண்டாமா?"

"எனக்குக் கடற்காத்து ஒத்துக்கொள்ளாது."

அவள் சிரித்தாள். "நீங்கள் இருக்கிறது தீவில அம்மா." பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்பாவுக்காகவா?" என்றாள். நான் சோறு அடிப்பிடிக்கிறதென்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் சோறு இல்லை.

ஊருக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். மயிலிட்டியில் ஒழுங்கைக்கு ஒரு சொந்தம் இருக்கும். "என்ன சவிரிமுத்தண்ணை, இப்பிடி மெலிஞ்சு போனியள், என்ன வருத்தம்?" என்று கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்கள். அதுவுமில்லாமல் அங்கே வாசற்படியிலேயே கடல்.

சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு எங்க போக விருப்பம்?"

"உமக்கு விருப்பமான இடத்துக்குப் போவம்."

"நான் கேக்கிறது உங்களை."

"நான் இஞ்சையே இருக்கிறன். நீர் போட்டு வாரும்."

கோப்பை கழுவ முன்னம் களஞ்சிய அறைக்குப் போய் அரிசி மூட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 8

இரண்டு தோசை சாப்பிட்டார். ஒன்றும் கதைக்கவில்லை. வேலையால் வந்து வாசல் பல்பு மாற்றினேன்.

நவம்பர் 13, வியாழன்

டிலானியின் பள்ளிக்கூட உலகப்படத்தை மேசையில் விரித்து நீலம் தொடாத இடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதில் புவியியல் படிக்கிறேன். இவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மனுவேலைப் பற்றி நான் ஒருநாளும் எழுதினதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். இதெல்லாம் இவருடைய அம்மா, என் மாமி, எனக்குச் சொன்னது, இவர் வாயால் ஒரு சொல் வந்ததில்லை. எண்பத்தாறாம் ஆண்டு அண்ணனும் தம்பியும் கடலில் தொழிலுக்குப் போன இடத்தில் நேவியின் துப்பாக்கிச் சூடு விழுந்தது. வள்ளம் தண்ணீருக்குள் தாண்டுபோனது. இரண்டு பேரும் நீந்தினார்கள். இவர் கரைக்கு வந்தார், மனுவேல் வரவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது. உடலும் வரவில்லை. இவர் கிழமைக் கணக்காகக் கரையோரம் நடந்தாராம், சாப்பாட்டைக் கூடக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்துக் கொடுத்தார்களாம். பிறகுதான் மாமி நகையை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பினா. கடலைப் பார்க்கக்கூடாதென்று அனுப்பின பிள்ளைக்குக் கிடைத்த வேலை ஒரு தீவில், மீன் தொழிற்சாலையில். கடவுளுக்கும் பகிடி விடத் தெரியும்.

வேலை இருந்தவரை கத்தியும் மீனுமாகக் காலம் போனது. இப்போது வேலை இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த இருட்டுக்குள் இந்த மனிசன் திரும்பவும் அந்தச் சுவரின் நுனிக்குப் போய்விடும், அன்றைக்கு ஊட்வார் அந்தப் பக்கம் வரமாட்டார். எழுதிவிட்டேன். எழுதினால் குறையுமென்று டொக்ரர் சொன்னாள், குறையவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பாரிசிலிருந்து றெஜினோல்ட் அண்ணன் போன் எடுத்தார். டிலானி வாய் தவறி விடுமுறைக் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"என்னடி மெற்றில்டா, ரெண்டு பேரும் தனியப் போறியளாம். என்ன பிரச்சினை?"

எங்கள் ஆட்கள் விடுமுறைக்குப் போவதென்றால் லண்டனில் மச்சாள் வீடு, கனடாவில் சித்தப்பா வீடு. பெட்டி நிறையப் பலகாரம், நிலத்தில் பாய் விரித்துப் பத்துப் பேர். புருசனும் பெஞ்சாதியும் தனியே ஒரு ஊருக்குப் போனால் ஒன்றில் வருத்தம், இல்லாவிட்டால் விவாகரத்து.

"ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை."

"அப்ப நாங்களும் வாறம். இவளின்ர தங்கச்சி ஆக்களும் வருவினம். எல்லாருமாப் பெரிய வீடொண்டு எடுப்பம்."

பதினான்கு பேர் சுற்றியிருந்து கடதாசிக்கட்டு விரித்து விளையாடுவார்கள், இவர் குளியலறைக்குள் போய் இருப்பார். அந்தக் கணத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வேளாங்கண்ணிக்கு நேர்த்தி அண்ணை. நாங்கள் ரெண்டு பேரும்தான் போகவேணும்."

நேர்த்தி என்றால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள், என்ன நேர்த்தி என்று கேட்கவும் மாட்டார்கள். அது வைத்தவருக்கும் மாதாவுக்கும் இடையில் உள்ள விசயம்.

"அப்ப சரி, நல்ல விசயம்" என்றார் அண்ணன். "என்ர முழங்கால் ஒப்பரேசனுக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்திவிடு."

நவம்பர் 22, சனி

இன்று தென்பக்கம் ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தது. சூரியன் வரவில்லை. இனி ஜனவரியில்தான்.

என் பொய்க்குக் கால் முளைத்துவிட்டது. லண்டன் மச்சாள் மகளின் கலியாணத்துக்கு ஒரு திரி. ஒஸ்லோ பிலோமினாக்கா பேரப்பிள்ளையின் காதுக்கு ஒரு திரி. அண்ணி கூடுதலாக ஒரு போத்தல் மாதாவின் எண்ணெயும் கேட்டிருக்கிறா. எல்லோரும் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். நான் "ஓம் ஓம்" என்கிறேன். மாதாவே, நீர்தான் பார்த்துக்கொள்ளும்.

நவம்பர் 27

முடிவாகிவிட்டது. ஓமான். டிலானி காட்டின படத்தில் ஒரு சின்னக் கிராமம், கொஞ்சம் பேரீச்சை, பின்னால் மொட்டை மலை. வேறொன்றும் இல்லை.

"அம்மா, அங்க பாக்க ஒண்டுமே இல்லை."

"கடல் எவ்வளவு தூரம்?"

"மூண்டு மணித்தியாலம் காரில."

"போடு பிள்ளை."

இவரிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வெறுமையாக் கிடக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

எங்கள் ஊர்க் குட்டி விமானம், ஒஸ்லோ, பிறகு இன்னொரு பெரிய விமானம். மிளகாய்த்தூள், கருவாடு, ஒடியல்மா எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. யார் வீட்டுக்கும் போகவில்லை என்பது பெட்டியை மூடின பிறகுதான் ஞாபகம் வந்தது. பழக்கதோசம். மஸ்கற்றில் இறங்கின போது இருட்டு, ஆனால் சூடான இருட்டு. இவர் ஜக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த இருட்டிலேயே காரில் மூன்று மணித்தியாலம், கிராமத்துக்கு.

டிசம்பர் 10, புதன்

இதை எப்படி எழுதுகிறதென்று தெரியவில்லை.

காலையில் கதவைத் திறந்தேன். வெயில் காலில் விழுந்தது. பிறகு முழங்காலுக்கு ஏறி, நெஞ்சுக்கு ஏறி, முகத்துக்கு வந்தது. வெயில் இப்படித்தான் இருக்குமென்பதை என் உடம்பு மறந்தே போயிருந்தது. முன்னால் மலை. ஒரு மரம் இல்லை, புல் இல்லை. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கல் மட்டும் வானம்வரை நிற்கிறது. பார்த்த கண் பார்த்தபடி நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. வார்டோவில் கடல் இரவும் பகலும் இரைந்துகொண்டே கிடக்கும். அந்த இரைச்சல் என் காதுக்குள் முப்பத்தைந்து வருடமாக இருந்ததென்று இன்று அது நின்றபோதுதான் தெரிந்தது.

இவர் வெளியே வந்து கதிரையைத் தானே தூக்கி வெயிலில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தார். நான் கூப்பிடவில்லை. அந்த முகத்தில் வெயிலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, குசினிக்குப் போய்விட்டேன்.

விடுதியை நடத்துகிறவர் ஹம்சா, மலையாளி. அவருடைய தமிழ் பாதி மலையாளம், எங்களுடைய தமிழும் தனக்குப் பாதிதான் விளங்குகிறதென்கிறார். எங்களைத் தவிர இங்கே வேறு விருந்தினர் இல்லை.

டிசம்பர் 12

மூன்று நேரமும் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பை ஹம்சாவும் ருசி பார்த்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஹம்சா மலையடிவாரத்தைக் காட்டுகிறேன் என்று காரில் கூட்டிப்போனார். ஒரு வளைவில் நிறுத்தினார். வெறும் கற்பாறைச் சரிவு. என்ன இருக்கிறதென்று இவ்வளவு தூரம் கூட்டிவந்தார் என்று நான் மனதுக்குள் முணுமுணுத்தேன்.

இவர் முன்னால் நடந்துபோய்க் குனிந்தார். குனிந்தவர் எழும்பவில்லை. மாரடைப்போ என்று ஓடினேன். பாறையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பாறை முழுக்க மட்டி. சுருள் சுருளாகச் சங்கு. நண்டின் காலோ என்னவோ ஒன்று. எல்லாம் கல்லாகி, கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடந்தன. மேலே பார்த்தேன், மலை முழுக்க அப்படித்தான்.

"சேட்டா, இதெல்லாம் முன்னே கடலாக்கும்" என்றார் ஹம்சா. "கோடிக்கணக்கு வருஷம் முன்னே. இந்த மலை கடலுக்கு அடியிலே கிடந்ததாக்கும்."

உலகப்படத்தை விரித்து, நீலம் தொடாத இடமாகத் தேடிப் பிடித்து, இந்த மனிசனைக் கொண்டுவந்து கடலின் அடிவயிற்றிலேயே விட்டிருக்கிறேன். "வாங்கோ, போவம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

இவர் அசையவில்லை. அண்ணாந்து மலையைப் பார்த்தார். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றதென்றால் எவ்வளவு கடல். அவ்வளவும் எங்கே போனது.

"இவ்வளவு கடலும் போட்டுது" என்றார் மெல்ல. பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கும் வருவமா?" என்றார்.

இந்த ஒரு வருடத்தில் இவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் இது.

டிசம்பர் 15, திங்கள்

மெழுகுதிரி என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. வேளாங்கண்ணி என்று சொன்னது ஒரு பாவம். ஏற்றுகிறேன் என்று சொல்லி ஏற்றாமல் விட்டால் அது இரண்டாவது. இன்று விடுதிக்குப் பக்கத்தில் ஹம்சா வைத்திருக்கிற கடையில் கரண்ட் போனால் ஏற்றுகிற வெள்ளைத் திரி ஒரு பெட்டி வாங்கி, இவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அண்ணனின் முழங்காலில் தொடங்கினேன். இவர் சிரித்தார். சத்தம் போட்டில்லை, ஆனால் தோள் குலுங்கியது.

"எங்க ஏத்தப் போறீர்?"

"தெரியேல்லை. அறைக்குள்ள ஏத்தட்டோ?"

"அந்தக் கல்லில ஏத்துவம்" என்றார்.

பின்னேரம் போனோம். காற்று இல்லை. அண்ணனுக்கு, மச்சாள் மகளுக்கு, பிலோமினாக்காவின் பேரனுக்கு, மற்றவர்களுக்கு என்று பேர் சொல்லிச் சொல்லி மட்டிகளுக்கு நடுவே ஏற்றி வைத்தேன். வெயில் சரிந்து மலை சிவந்துகொண்டு வந்தது. பேர்கள் முடிந்தன. என் கையில் இன்னொரு திரி இருந்தது. பெட்டிக்குள் வைக்கப் போனேன்.

இவர் கையை நீட்டி அதை வாங்கினார். கலியாணம் கட்டின வருடம் வாங்கினது போலவேதான். திருப்பிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். திரியின் அடியை நெருப்பில் காட்டி உருக்கினார். ஒரு பெரிய சங்குக்குப் பக்கத்தில் அழுத்தி நிறுத்திப் பற்றவைத்தார்.

"மனுவேல்" என்றார்.

நான் திரிப் பெட்டியை மூடினேன்.

"கடலில ஏத்தேலாது மெற்றில்டா. காத்து விடாது. அவன் என்னைவிட நல்லா நீந்துவான். ஊரில ஆரும் அவனை நீந்தி முந்தினதில்லை. அதுதான் வருவான் எண்டு பாத்துக்கொண்டே இருந்திட்டன்" என்றார்.

பிறகு சொன்னார்: "போன வருசம் அந்தச் சுவருக்குப் போனதும் அதுக்குத்தான். அண்டைக்கு அவன் கூப்பிட்ட மாதிரி இருந்துது."

அழக்கூடாதென்று நினைத்தேன், அழுதுவிட்டேன். இவரும் அழுதார். அறுபத்தைந்து வயது மனிசன், சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி அழுதார். ஹம்சா காருக்குள் போய் இருந்துகொண்டார். நல்ல மனிசன்.

வானம் முழுக்கச் சிவந்து, பிறகு ஊதாவாகி, மலை கறுத்தது. திரிகள் ஒன்றும் அணையவில்லை. கீழே நாங்கள் இரண்டு பேர், மேலே அவ்வளவு பெரிய மலை, ஒருகாலம் அது முழுக்கக் கடல். எனக்குச் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அதுவே செபம் போலத்தான் இருந்தது.

டிசம்பர் 20

வீட்டுக்கு வந்தாயிற்று. மதியம் பன்னிரண்டுக்கும் இருட்டு. அண்ணனுக்கு எடுத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

"மனுவேலுக்கும் ஏத்தினதோ?"

"ஓம்."

"ஆர், அவரா?"

"அவர்தான்."

அண்ணி போனைப் பறித்து, "அப்ப எண்ணெய்?" என்றா.

டிசம்பர் 31

இவர் நடையில் கிடந்த கதிரையைத் தூக்கி முன்னறை யன்னலடியில் போட்டார். வெளியே ஒன்றும் தெரியாது, இருட்டுத்தான். ஆனாலும் இருந்தார். நான் பார்க்காதது போலப் பலகாரம் சுட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று சூரியன் வரும் நாள். முழு வட்டமும் தெரிந்தால் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை. காலையிலிருந்தே ஒழுங்கையில் பிள்ளைகளின் சத்தம். வானம் வெளித்திருந்தது.

இவர் ஜக்கெட் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மெற்றில்டா, வாரும், கோட்டையடிக்குப் போவம். என்ர சப்பாத்தை ஒருக்கா எடுத்துத் தாரும்."

களஞ்சிய அறைக்குப் போனேன். அரிசி மூட்டையை நகர்த்திச் சப்பாத்தை எடுத்து வந்தேன். "வாசலில கிடந்தால் ஈரம் பிடிக்கும், அதுதான் உள்ளுக்கு வைச்சனான்" என்றேன், அவர் கேட்காமலே.

"அரிசி மூட்டைக்குப் பின்னாலதானே" என்றார். "நீர் வைச்ச அடுத்த நாளே கண்டனான்."

சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். நவம்பர் முழுக்க, அந்த இருட்டு முழுக்க, நான் வேலைக்குப் போயிருந்த அத்தனை மணித்தியாலமும் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப ஏன் எடுக்கேல்லை?"

இவர் வாசலில் கிடந்த வாங்கில் குந்திக் காலை நீட்டினார்.

"நீர் ஒளிச்சு வைச்சிருக்கிறீர். பிறகு நான் எப்பிடி எடுக்கிறது?"

குனிந்து நாடாவைக் கட்டிவிட்டேன். ஒரு முடிச்சை இரண்டு தரம் போடவேண்டியிருந்தது. கட்டி முடிக்க முன்னமே பீரங்கி வெடித்தது. "வாரும், வாரும்" என்றார். இருவரும் போனோம்.